உப்பு வந்த வழி

போன ஆடியில் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் 170ஐத் தாண்டியது. டாக்டர் மருந்துச்சீட்டின் பின்பக்கம் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். ஊறுகாய் வேண்டாம், அப்பளம் வேண்டாம், கருவாடு வேண்டவே வேண்டாம். மூன்றாவது வரிக்குக் கீழே இரண்டு கோடு. அப்பா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கருக்களாச்சேரியில இருந்துக்கிட்டு கருவாடு திங்காதன்னா, மூச்சு விடாதன்னே எழுதிருக்கலாம்ல?" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு மௌனப் போர். அம்மா மொச்சைக் குழம்பு வைப்பாள், கருவாடு இல்லாமல். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். சோறு குறைந்தது, பேச்சும் குறைந்தது. நான் சென்னையில் சோழிங்கநல்லூரில் உட்கார்ந்து யாரோ ஒரு அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். ராத்திரி போனில் அம்மா சொல்லும் ஒரே வாக்கியம்: "இன்னிக்கும் சரியா சாப்புடல தம்பி."

அப்போதுதான் எனக்கு நியூ ஆர்லியன்ஸ் ஞாபகம் வந்தது.

சில வருஷங்களுக்கு முன் வேலை நிமித்தமாக ஹூஸ்டனில் ஆறு மாதம் இருந்தேன். ஒரு நீண்ட வார இறுதியில் நண்பர்களோடு காரில் கிழக்கே ஐந்தாறு மணி நேரம் ஓட்டிப் போய் நியூ ஆர்லியன்ஸ் சேர்ந்தோம். திங்கட்கிழமை மத்தியானம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் வெள்ளைச் சோற்றின் மேல் சிவப்பாக, கூழ் மாதிரி ஒரு பயற்றுக் குழம்பை ஊற்றிக் கொடுத்தார்கள். கூட ஒரு துண்டு புகைபோட்ட பன்றித் தொத்திறைச்சி. முதல் வாயிலேயே தூக்கிவாரிப் போட்டது. ருசி ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அமைப்பு அப்படியே ஆயா வைக்கும் மொச்சைக் கருவாட்டுக் குழம்புதான். மலிவான பயறு, நிறையச் சோறு, இரண்டுக்கும் நடுவில் உயிர் கொடுக்க உப்பில் கிடந்த ஒரு துண்டு மாமிசம். அங்கே பன்றி, இங்கே நெத்திலியோ வாளையோ.

அப்பாவுக்கு இதை உப்பும் கொழுப்பும் குறைத்துச் சமைத்துக் கொடுத்தால் என்ன? ராஜ்மா காரைக்கால் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். கருவாடு இல்லாத குழம்பு என்று சொல்லாமல், வேறு ஊர்க் குழம்பு என்று சொல்லிக் கொடுக்கலாம். ஏமாற்றுதான். ஆனால் அதற்கு முன் இந்த உணவில் உப்பு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. பழைய நிரலில் ஒரு வரி ஏன் இருக்கிறது என்று தெரியாமல் அதை அழிக்காதே. அது எதையோ தாங்கிக்கொண்டிருக்கும்.

*

அமெரிக்காவுக்கு வெளியே இதைப் பொதுவாக ‘கேஜன்’ சாப்பாடு என்கிறார்கள். உண்மையில் சிவப்புப் பயறும் சோறும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கிரியோல் சமையல். கேஜன் என்பது அகேடியன் என்ற சொல்லின் தேய்ந்த வடிவம். இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் அகேடியா என்ற பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியானவர்களை 1755 முதல் பிரிட்டிஷார் வீடு வாசலோடு பிடுங்கி எறிந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1760களிலிருந்து லூசியானாவின் சதுப்பு நிலங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். நகரத்துக் கிரியோல் அடுப்பும் நாட்டுப்புறத்துக் கேஜன் அடுப்பும் காலப்போக்கில் ஒன்றுக்கொன்று கடன் கொடுத்து வாங்கின. வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்கித்தான் இரண்டுமே தொடங்கும். இந்த மூன்றுக்கும் அங்கே ‘புனித மும்மை’ என்று பெயர்.

அந்தச் சட்டியில் கிடக்கும் ஒவ்வொன்றும் ஒரு திசையிலிருந்து வந்தது. சிவப்புப் பயறும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களின் சொந்தப் பயிர்கள். அரிசி ஆப்பிரிக்கர்களோடு வந்தது. 1719இல் லூசியானாவுக்கு அடிமைகளை ஏற்றி வந்த முதல் இரண்டு பிரெஞ்சுக் கப்பல்களின் தலைவர்களுக்கு, நெல் சாகுபடி தெரிந்தவர்களையும் விதை நெல்லையும் சேர்த்து வாங்கி வரும்படி உத்தரவு இருந்தது. அதாவது மனிதர்களை அவர்களுடைய விவசாய அறிவுக்காகவே தேர்ந்து பிடித்திருக்கிறார்கள். அடுத்த அலை ஹெய்ட்டியிலிருந்து வந்தது. 1791இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், 1804இல் நாடு விடுதலை பெற்றது. அங்கிருந்து கியூபாவுக்கு ஓடியவர்களில் 9,000க்கும் மேற்பட்டோர் 1809-10இல் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து இறங்கினார்கள். வெள்ளையர், விடுதலை பெற்ற கலப்பினத்தார், அடிமைகள் என்று ஏறக்குறைய மூன்று சம பங்கு. நகரத்தின் மக்கள்தொகை கிட்டத்தட்ட இரட்டிப்பானது. சிவப்புப் பயற்றைச் சோற்றோடு உண்ணும் வழக்கம் இவர்களோடுதான் அங்கே வேரூன்றியது என்று பலரும் கருதுகிறார்கள்.

ஏன் திங்கட்கிழமை? அது துணி துவைக்கும் நாள். பெண்கள் கொல்லைப்புறத்தில் நாள் முழுக்கத் துவைத்துக்கொண்டிருக்கையில், அடுப்பில் கிளறாமலேயே மெள்ள வேகக்கூடிய ஒன்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிச்சமான பன்றித் தொடை எலும்பைப் பயற்றோடு போட்டுவிட்டால் சாயங்காலம் சாப்பாடு தயார். துவைக்கும் இயந்திரம் வந்து எத்தனையோ காலமாகியும் திங்கட்கிழமை மட்டும் மாறவில்லை. அந்த ஊரில் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங், கடிதங்களின் முடிவில் ‘தங்கள் உண்மையுள்ள’ என்று எழுத வேண்டிய இடத்தில் சிவப்புப் பயற்றையும் சோற்றையும் சேர்த்து ஒரு வார்த்தை விளையாட்டைப் போட்டுக் கையெழுத்திடுவார்.

*

இதெல்லாம் கருக்களாச்சேரிக்கு என்ன சம்பந்தம்?

நான் நினைத்ததைவிடக் கிட்டத்தில் இருந்தது சம்பந்தம். ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1717இல் பாரிஸில் லூசியானா வியாபாரத்துக்காக ஒரு கம்பெனி தொடங்கினார். 1719இல் அதோடு பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி முதலானவற்றை இணைத்து ஒரே பெருங்கம்பெனி ஆக்கினார்கள். மிசிசிப்பிக் கரையும் புதுச்சேரியும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வந்தன. 1731இல் நஷ்டம் தாங்காமல் லூசியானாவை அரசரிடமே திருப்பிக் கொடுத்தது கம்பெனி. எட்டே வருஷம் கழித்து, 1739இல், தஞ்சை மராட்டிய அரசின் வாரிசுச் சண்டைக்குள் புகுந்து அதே கம்பெனி வாங்கிய ஊர்தான் காரைக்கால்.

கணக்கு அங்கேயும் முடியவில்லை. நம் கரையில் நெய்து அவுரிச் சாயம் ஏற்றிய நீலத்துணிக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் பெரிய கிராக்கி. அந்தத் துணி அங்கே பணமாகவே ஓடியது. மனிதர்களை வாங்கவும் அது கைமாறியது. நெசவாளிக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை 1848இல் ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். ஆள் தேடி அவர்கள் வந்த கரைகளில் ஒன்று காவிரியின் கடைமடை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள்பிடிப்பு மும்முரமானது. பிடிபட்டவர்களில் மிகப் பலர் பிரெஞ்சுக் குடிகள்கூட இல்லை. எல்லையைத் தாண்டிப் பிரிட்டிஷ் பக்கத்துத் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்தும் இன்னும் தள்ளியிருந்தும் வந்த நிலமற்ற கூலிகள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மர்த்தினிக் தீவில் முதல் கூட்டத்தை இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப்பில் இறக்கியது. 1861இல் பிரிட்டனும் பிரான்ஸும் ஒப்பந்தம் போட்டு இந்த வியாபாரத்தை முறைப்படுத்தின. ஐந்து வருஷ ஒப்பந்தம், கப்பலேறும் துறைகளில் மேற்பார்வைக்கு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி. 1880களில் புகார்கள் மலிந்து பிரிட்டன் இதை நிறுத்துவதற்குள் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் மர்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் போயிருந்தார்கள். ரெயூனியன் தீவுக்குப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

ஆயா சின்ன வயசில் கேட்ட ஒரு வசவு உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறவனை "பொர்போனுக்குப் போனவன்" என்பார்களாம். பொர்போன் என்பது ரெயூனியனின் பழைய பெயர் என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. ஆயாவுக்குத் தெரியவே தெரியாது. அவளுக்கு அது போனால் திரும்பாத ஓரிடம், அவ்வளவுதான்.

போனவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? கரீபியத் தீவுகளில் கரும்பைத் தவிர வேறெதற்கும் நிலத்தை விட முதலாளிகளுக்கு மனசு வராது. எனவே கூலிக்கான உணவும் கப்பலில்தான் வரும். வட அட்லாண்டிக்கில் பிடித்து உப்பிட்டுக் காயவைத்த காட் மீனில் ஐரோப்பியச் சந்தைக்கு ஆகாத கடைசித் தரம் கரீபியத் தோட்டங்களுக்குப் போகும். முதலில் அடிமைகள் அதைத் தின்றார்கள். பிறகு அதே மீன் அரிசியோடு நம் ஆட்களுக்கும் வந்தது. கருவாட்டுக் கரையிலிருந்து போனவனுக்கு உலகத்தின் மறுகோடியில் இன்னொரு கருவாடு. மலிவு, கெடாது, கொஞ்சம் போட்டால் நிறையச் சோறு இறங்கும். முதலாளியின் கணக்குக்கும் உழைப்பாளியின் நாக்குக்கும் ஒரே நேரத்தில் ஒத்துப்போன ஒரே சரக்கு உப்புதான். வெயிலில் பத்து மணி நேரம் வெட்டி வேர்த்தவனுக்கு அது தேவையாகவும் இருந்தது.

ஆனால் அவர்கள் வாங்கித் தின்றதோடு நிற்கவில்லை. ரெயூனியனில் இன்றும் ஒரு சராசரிச் சாப்பாடு என்பது சோறு, அதன் மேல் பருப்போ சிவப்புப் பயறோ, பக்கத்தில் ‘காரி’, கொஞ்சம் கீரை. காரி நம் கறி. முருங்கைக் கீரைக்கு அங்கே ‘முரோங்’. கறிவேப்பிலைக்கு ‘கலுபிலே’. சோற்றோடு பயறும் மஞ்சளும் சேர்த்து ஒரே பானையில் ஆக்கும் ‘சாம்ப்ரோகால்’ என்ற ஒன்றும் உண்டு. தமிழ் எழுத்து மறந்து, பேச்சு மறந்து மூன்று நான்கு தலைமுறை ஆன வீடுகளில் கறிவேப்பிலை மட்டும் பெயரோடு மிஞ்சியிருக்கிறது. குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஹென்றி சிதம்பரம், ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904இல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923இல்தான் வென்றது. தீவில் பிறந்தவர்களை அந்நியர் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுக்க அவர்கள் மசாலா அந்தத் தீவின் தேசிய உணவாக மாறிக்கொண்டிருந்தது.

*

இவ்வளவையும் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனேன், கையில் ஒரு கிலோ ராஜ்மாவோடு.

இந்த உணவை ஆரோக்கியமாக்க வேண்டுமென்றால் முதலில் அதில் ஏற்கெனவே என்ன ஆரோக்கியம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெந்த ராஜ்மா 100 கிராமில் புரதம் 8 முதல் 9 கிராம், நார்ச்சத்து 6 கிராமுக்கு மேல், கொழுப்பு அரை கிராம். பயற்றில் லைசின் என்ற அமினோ அமிலம் நிறைய, மெத்தியோனின் குறைவு. அரிசியில் நேர் எதிர். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். தோட்டத்து அடிமையும் காவிரிக் கடைமடை உழவனும் எந்தப் புத்தகமும் படிக்காமல் கண்டுபிடித்த ஏற்பாடு இது. நம் பக்கம் சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் அது விளையும். வயலிலேயே சோற்றுக்குப் பின்னால் பயறு.

தப்பு பயற்றிலும் இல்லை, சோற்றிலும் இல்லை. தொத்திறைச்சியில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் சேர்த்தது. தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்றது. உப்புக்கு அதே நிறுவனம் சொல்லும் எல்லை ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கம்மி. கரும்பு வெட்டி வேர்த்த உடம்புக்கு எழுதிய உப்புக் கணக்கை, ஏசி அறையில் உட்காரும் நானும், படகை விட்டு ஐந்து வருஷமான அப்பாவும் இன்னும் அப்படியே கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறோம். உழைப்பு போய்விட்டது, உப்பு தங்கிவிட்டது.

அரிசி விஷயத்தில் நான் நவீனமாகச் சிவப்பரிசி வாங்கி வைத்திருந்தேன். அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புழுங்கலரிசியை எடுத்தாள். அவள் பக்கமும் ஒரு வரலாறு இருந்தது. 1900களின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றது. வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்களுக்கு அது வந்தது. புழுங்கலரிசி தின்ற தமிழர்களுக்கு அநேகமாக வரவில்லை. பிராடன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1907இல் அதை ஒரு புத்தகமாக எழுதினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் ஜாவாத் தொழிலாளர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசியும் மறு கூட்டத்துக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி போகாது. சிவப்பரிசியில் நார் அதிகம்தான். ஆனால் அப்பா அதைத் தொட மாட்டார் என்று அம்மாவுக்குத் தெரியும். தின்னாத அரிசியில் எந்தச் சத்தும் இல்லை.

இனி சமையல். ராஜ்மா ஒரு டம்ளர், முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சை ராஜ்மாவில் ஒரு நஞ்சு உண்டு. அரைகுறையாக வெந்தால் வாந்தி, பேதி நிச்சயம். புதுத் தண்ணீரில் அரை மணியாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். மிதமான சூட்டில் நாள் முழுக்க வைக்கும் மின்சாரச் சட்டி இதற்கு ஆபத்து, நம் பிரஷர் குக்கர் உத்தமம். இன்னொரு சட்டியில் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயில் வெங்காயம், குடைமிளகாய், பூண்டு. செலரி காரைக்கால் மார்க்கெட்டில் கிடைக்கவில்லை. அம்மா முளைக்கீரைத் தண்டையும் கொத்தமல்லித் தண்டையும் நறுக்கிக் கொடுத்தாள். பிரிஞ்சி இலை ஒன்று, மிளகு, சுட்ட வரமிளகாய். புகை வாசனைக்கு அந்த மிளகாய் போதும். வெந்த பயற்றில் கால் பங்கை மத்தால் மசித்துச் சேர்த்தால் கொழுப்பே இல்லாமல் குழம்பு கூழாகும். கடைசியில், பயறு முழுக்க வெந்த பிறகு, எலுமிச்சை. முன்னாலேயே விட்டால் பயறு வேகாது, பின்னால் விட்டால் பாதி உப்பு போதும் போலிருக்கும்.

அப்பா சாப்பிட்டார். நான்கு வாய். "நல்லாருக்கு," என்றார், விருந்தாளி வீட்டில் சொல்வதுபோல. தட்டை நகர்த்தினார்.

சட்டெனப் புரிந்தது. டாக்டர் அழித்த அதே வரியைத்தான் நானும் அழித்திருந்தேன்.

டிசம்பர் 26, 2004க்குப் பிறகு எங்கள் கரையில் பல மாதம் யாரும் கடலுக்குப் போகவில்லை. எனக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. காரைக்கால் கடலோரம் பூராவும் சாவு வீடு. நிவாரணத்தில் அரிசி வந்தது, பருப்பு வந்தது. கடல் மீனைத் தின்ன யாருக்கும் மனசு வரவில்லை. பிணம் தின்ற மீன் என்று பேச்சு. ஒரு நாள் உள்ளூரிலிருந்த சொந்தக்காரர் ஒருவர், அலைக்கு முந்தின மாசம் காயப்போட்டு எடுத்து வைத்த கருவாட்டைக் கொஞ்சம் கொண்டுவந்தார். ஆயா மொச்சை போட்டுக் குழம்பு வைத்தாள். அப்பா அன்று அழுதுகொண்டே மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கருவாடு முந்தின உலகத்து மீன்.

அம்மாவிடம் கேட்டேன். இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், இரண்டு விரல் அகலத்தில் ஒரே ஒரு துண்டு வாளைக் கருவாடு. வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மறுபடி அரை மணி. உப்பில் நல்ல பங்கு அதிலேயே போய்விடும். குழம்பில் தனியாக உப்பு ஒரு கல்லும் கிடையாது. ஊறுகாயும் அப்பளமும் அறவே இல்லை. டாக்டரிடம் ஒளிக்காமல் போய்ச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, மாத்திரையை விடக்கூடாது, வாரம் ஒரு தடவை அழுத்தம் பார்த்து எழுதி வைக்க வேண்டும், ஏறினால் இதுவும் கட் என்றார்.

அடுத்த ஞாயிறு ராஜ்மாவில் அந்தத் துண்டு இறங்கியது. வாசனை திண்ணை வரை போயிருக்க வேண்டும். கூப்பிடாமலேயே அப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார். பாதி சாப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தார்.

"இது எந்த ஊருக் கொழம்புன்ன?"

"அமெரிக்காப்பா. நியூ ஆர்லியன்ஸ்."

"அங்க நம்ம ஆளுக போயிருக்காங்களோ?"

அங்கே இல்லை, பக்கத்துத் தீவுகளுக்குப் போனார்கள், இந்தக் காரைக்காலிலிருந்துதான் கப்பல் போனது என்று சொன்னேன். ஒரேலி, குவாதலூப், கலுபிலே எல்லாம் சொன்னேன். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. கருவாட்டுத் துண்டை ஓரமாக ஒதுக்கி வைத்து, கடைசி வாய்க்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"போனவனுவ திரும்பி வந்தானுவளா?"

"கொஞ்சப் பேர் வந்தாங்க. முக்காவாசிப் பேர் வரலப்பா."

"ம்." கருவாட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "கொஞ்சூண்டு சோறு வையி."

அம்மா என்னைப் பார்த்தாள். சோற்றை நான்தான் வைத்தேன்.